மழை நாளில் தவறிய காலை 6:30: ரூட் செய்த டிவியில் கிரான், ஒரு நிகழ்வு ஆய்வு

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் ஒரு ஊர். அங்குள்ள படிப்பகத்தில் 43 இன்ச் ஸ்மார்ட் டிவி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. தினமும் காலை 6:30-க்கு அந்த டிவி தானாகவே ஒரு பக்கத்தைத் திறந்து பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், கால்வாய் நிலவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. போன பிசான நெல் பருவத்தில் அது பல நாள் தவறியது. ஐப்பசி கடைசியில் ஒரு காலை, முந்தைய நாள் எண்களையே காட்டிக்கொண்டு நின்றது. வெளியேற்றம் குறைவாகத்தானே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போன ஒருவர், ஆற்றங்கரையில் இருந்த ஆயில் என்ஜினை மேலே ஏற்றாமல் விட்டுவிட்டார். மாலைக்குள் என்ஜின் தண்ணீருக்குள் போய்விட்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ஜினையும் பிரித்துக் காயவைத்து ஓட்டிவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்குத் திரையில் இருந்த எண் தவறான எண் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பகக் குழு கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து பார்த்தேன். கண்டதையும் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி டிவியிலோ பழைய ஆண்ட்ராய்டு பெட்டியிலோ நேரம் வைத்து, அதாவது கிரான் என்ற நேர அட்டவணை நிரலை வைத்து, ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும்.

ஏன் இந்த ஏற்பாடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. அந்த இரண்டு நாளும் ஊரில் செல்போன் டவரும் இல்லை, சரியான தகவலும் இல்லை. அணை உடைந்துவிட்டது என்றுகூட வதந்தி ஓடியது. அதற்குப் பிறகுதான், அணை நிலவரத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் தினமும் வைக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்று எத்தனை அடி, எத்தனை கனஅடி வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி.

காலையில் வரும் அணை விவரத்தைப் படிப்பகச் செயலாளர் தன் போனில் ஒரு பகிர்வு விரிதாளில் பதிவு செய்வார். பெரும்பாலும் 6:20-க்குள் முடித்துவிடுவார். டிவி அதை எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதை அமைத்துக் கொடுத்தது ஊரைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர். நல்ல வேலை. படிப்பை முடித்துவிட்டு இப்போது வெளியூரில் இருக்கிறார். நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் போனில் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.

உள்ளே என்ன இருந்தது

டிவி வெப்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது. அடியில் இருப்பது லினக்ஸ்தான். ஆனால் வாங்கியபடியே இருக்கும் டிவியில் நாம் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்ட வழி கிடையாது; டைமர் வைத்து ஆன், ஆஃப் செய்யலாம், அதோடு சரி. அதனால் அந்த மாணவர் டிவியை ரூட் செய்து (தயாரிப்பாளர் பூட்டி வைத்த முழு அதிகாரத்தையும் திறந்து), ஹோம்புரூ சேனல் என்ற செயலியைப் போட்டிருந்தார். உத்தரவாதக் காலம் முடிந்த டிவி, குழுவிடம் கேட்டுச் செய்தது. பொதுச் சொத்தில் கைவைக்கும்போது இப்படிக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஹோம்புரூ சேனல் இருந்தால், டிவி முழுதாக பூட் ஆகும்போது (அணைந்த நிலையிலிருந்து புதிதாகத் தொடங்கும்போது) ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் இருக்கும் ஸ்கிரிப்டுகளை அதுவே ஓட்டிக்கொடுக்கும். பாதை இது: /வார்/லிப்/வெப்ஓஎஸ்புரூ/இனிட்.டி. இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு. அந்தக் கோப்புறையில் வைக்கும் கோப்பின் பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு மட்டுமே இருக்கலாம். பழக்கதோஷத்தில் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து எஸ்ஹெச் என்று சேர்த்துவிட்டால் அது சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். பிழைச் செய்தியும் வராது. முதலில் இதைத்தான் பார்த்தேன். மாணவர் சரியாகவே பெயர் வைத்திருந்தார், இயக்க அனுமதியும் கொடுத்திருந்தார்.

டிவியின் மூலக் கோப்பு அமைப்பு படிக்க மட்டுமே, எழுத முடியாது. அதனால் கிரானின் அட்டவணையை வழக்கமான இடத்தில் நம்பி வைக்காமல், ரூட் பயனரின் வீட்டுக் கோப்புறையில் வைத்து, கிரானைத் தொடங்கும்போதே அந்த இடத்தைச் சுட்டியிருந்தார். டிவியோடு வந்த பிஸிபாக்ஸில் (சின்னச் சின்ன லினக்ஸ் கருவிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) கிரான் சேர்க்கப்படவில்லை. பிஸிபாக்ஸைக் கட்டும்போது எந்தெந்தக் கருவி வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கட்டலாம், இது இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். ஆகவே தனியாக நிற்கும் பிஸிபாக்ஸ் பைனரி (இயங்கத் தயாரான கோப்பு) ஒன்றை அவர் கொண்டுவந்து வைத்திருந்தார். அட்டவணையில் முக்கியமான வரி ஒன்றுதான். நிமிடம் 30, மணி 6, மீதி மூன்றும் நட்சத்திரம்: தினமும் காலை 6:30. அந்த வரி ஓட்டும் ஸ்கிரிப்ட் விரிதாளை இறக்கி, ஒரு கோப்பில் எழுதி, டிவியின் செயலிகள் ஒன்றோடொன்று பேசும் லூனா பஸ் வழியாக டிவியின் உலாவியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டும்.

ஒரே புகார் இல்லை, மூன்று

குழுவிடம் கேட்டால் "டிவி சரியில்ல தம்பி" என்றார்கள். எப்படிச் சரியில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். காலையில் பேப்பர் படிக்க வரும் ஒருவர், சில நாள் பகல் 12 மணிக்குத்தான் புது எண் வருகிறது என்றார். படிப்பகத்தைத் திறக்கும் பெரியவர், சில நாள் பக்கமே வருவதில்லை, மறுபடி அணைத்துப் போட்டாலும் வருவதில்லை என்றார். செயலாளர் சொன்னது என்ஜின் நனைந்த நாளைப் பற்றி: "பக்கம் நல்லா வந்துச்சு. ஆனா நேத்து கணக்குல்லா இருந்துச்சு."

இந்த மூன்றையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டு தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பிந்தி வருவது, வராமலே போவது, பழையது நிற்பது என்று மூன்று தனித்தனி வழி. மூன்றுக்கும் காரணமும் வேறு வேறு.

நடந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்பைத் திறந்தால் வெறுமை. அது தற்காலிகக் கோப்புறையில் எழுதும்படி வைக்கப்பட்டிருந்தது. டிவியின் ஃபிளாஷ் நினைவகம் தேயக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார். அந்த எண்ணம் சரிதான். ஆனால் அந்தக் கோப்புறை ரேமில் இருப்பது. கரண்ட் போனால் அதுவும் போகும். தவறிய நாளெல்லாம் கரண்ட் போன நாளாகவும் இருந்ததால், தடயம் மட்டும் சரியாகத் தொலைந்தது. ஆகவே முதலில் செய்தது, ஒரு ஓட்டத்துக்கு ஒரு வரி வீதம் நிலையான கோப்புறையில் எழுதச் செய்ததுதான். ஒரு வரிக்கெல்லாம் ஃபிளாஷ் தேயாது.

பகல் 12 மணி

மூன்றில் எளிதானது இது. 6:30-க்கு ஓட வேண்டியது 12:00-க்கு ஓடினால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். நம் நேரத்துக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதேதான். கிரான் 6:30-க்குத்தான் ஓடியிருக்கிறது, ஆனால் யுடிசி 6:30-க்கு.

அப்படியானால் சில நாள் மட்டும் சரியாக ஓடியது எப்படி? மாணவர் டிவிக்குள் உள்நுழைந்து கையால் கிரானைத் தொடங்கிய நாட்களில், அவருடைய உள்நுழைவு அமைப்பில் நேர மண்டலம் எழுதியிருந்தது. கிரானும் அதை எடுத்துக்கொண்டது. டிவி பூட் ஆகும்போது இனிட்.டி-யில் இருக்கும் துவக்கக் கோப்பு கிரானைத் தொடங்கினால் அந்த அமைப்பு அங்கே இல்லை. தனியாகக் கொண்டுவந்த பைனரி டிவியின் மெனுவில் இருக்கும் நேர மண்டலத்தையும் பார்க்கவில்லை. சொல்ல ஆளில்லாததால் யுடிசி என்று எடுத்துக்கொண்டது. கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, தானாக ஓடினால் செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிச் சூழல் வித்தியாசம்தான்.

சரி செய்வது ஒரு வரி. துவக்கக் கோப்பில், கிரானுக்கு முன்னால், நேர மண்டல மாறியை எழுதிவிட வேண்டும். எழுதும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். இந்த மாறியில் குறி தலைகீழ்: கிழக்கே இருக்கிற நமக்குக் கழித்தல் குறி, அதாவது ஐஎஸ்டி-5:30. கூட்டல் போட்டால் பிழை பதினொரு மணி நேரமாகிவிடும். காலை 6:30 வேலை மாலை 5:30-க்கு ஓடும்.

பழைய எண் எப்படி நின்றது

என்ஜின் நனைந்த நாளின் காரணம் இதில் இல்லை. அன்றைக்குப் பகல் 12-க்கும் எண் மாறவில்லை. இங்கேதான் அதிக நேரம் செலவானது.

படிப்பகத்தை இரவு 9 மணிக்கு மூடும்போது பெரியவர் ரிமோட்டில் டிவியை அணைப்பார். ஆனால் டிவியில் விரைவுத் துவக்கம் என்ற அமைப்பு ஆன் செய்யப்பட்டிருந்தது. அது இருந்தால் ரிமோட்டில் அணைப்பது முழு அணைப்பு இல்லை. நினைவகத்தில் இருப்பது அப்படியே இருக்க, டிவி உறக்கத்துக்குப் போகும். திறந்திருந்த பக்கம், ஓடிக்கொண்டிருந்த கிரான், ஸ்கிரிப்டுகள் எல்லாம் உறைந்து நிற்கும். காலையில் பட்டனை அழுத்தியதும் விட்ட இடத்திலிருந்து எழும். எழும்போது திரையில் இருப்பது நேற்றைய பக்கம். சில மாதிரிகளில் நேரம் கடந்தால் முழுதாக அணைந்துவிடும், சிலவற்றில் அணையாது. இந்த டிவி உறங்கிக்கொண்டே இருந்தது.

உறங்கும் டிவியில் கிரான் ஓடாது. சரி, எழுந்ததும் விட்டுப்போன வேலையை ஓட்டலாமே என்றால், பிஸிபாக்ஸ் கிரானில் அதற்கு ஒரு விதி உண்டு. கடைசியாகப் பார்த்த நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால், நடுவில் வந்த வேலைகளை ஓட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், யாரோ கடிகாரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நிமிட வேறுபாடு என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, நடுவில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிடும். அந்த நேரத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். கடிகாரம் திடீரென்று நாட்கணக்கில் தாவினால், தேங்கிய வேலையெல்லாம் மொத்தமாக வந்து விழக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதிதான் இது.

இப்போது அந்த நாளை அடுக்கிப் பார்க்கலாம். வழக்கமாகப் பெரியவர் 6:15-க்குத் திறப்பார். டிவி எழும், 6:30 வரும், ஸ்கிரிப்ட் ஓடும். அன்று விடியலில் நல்ல மழை. அவர் வந்து திறந்தது 6:50. இரவு 9 மணியிலிருந்து 6:50 வரை 590 நிமிடம். 6:30 அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. கிரான் அதை விட்டுவிட்டது. அடுத்த 6:30 மறுநாள்தான். நேற்றைய பக்கம் பளிச்சென்று திரையில் நின்றது.

இதை ஊகமாக விட மனமில்லை. மழையில்லாத ஒரு நாளில் பெரியவரிடம் சொல்லி, வேண்டுமென்றே 6:50-க்கு டிவியை எழுப்பச் செய்தோம். இந்த முறை லாக் நிலையான இடத்தில் இருந்தது. 590 நிமிட வேறுபாடு என்று ஒரு வரி விழுந்திருந்தது. 6:30 வேலைக்கு உரிய வரி இல்லை.

பக்கமே வராத நாட்கள்

இதற்கு இரண்டு பாதை இருந்தன, இரண்டும் கரண்டிலிருந்து தொடங்குபவை.

மழை நேரத்தில் இங்கே கரண்ட் ஒரே மூச்சில் போய் ஒரே மூச்சில் வருவதில்லை. வரும், ஒரு நிமிடத்தில் போகும், மறுபடி வரும். படிப்பகத்தில் இன்வெர்ட்டர் உண்டு. விளக்கும் மின்விசிறியும் மட்டும் அதில். டிவியும் ரவுட்டரும் நேர் இணைப்பில். கரண்ட் வந்ததும் பெரியவர் டிவியைப் போடுவார், பூட் ஆகிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போகும்.

ஹோம்புரூ சேனலில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. பூட் தொடங்கும்போது ஒரு அடையாளக் கோப்பை உருவாக்கும். துவக்க வேலைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அதை அழிக்கும். நடுவில் கரண்ட் போனால் கோப்பு அழியாமல் நிற்கும். அடுத்த முறை பூட் ஆகும்போது அதைப் பார்த்ததும், போன முறை ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் டிவியைக் கவிழ்த்துவிட்டது என்று நினைத்து, ஃபெயில்சேஃப் நிலைக்குப் போகும். அந்த நிலையில் நம் துவக்கக் கோப்பு எதுவும் ஓடாது. உள்ளே நுழைந்து சரிசெய்ய வழி மட்டும் திறந்திருக்கும். கிரானைத் தொடங்க ஆளில்லை, ஆகவே பக்கமும் இல்லை. ஹோம்புரூ சேனலின் அமைப்புகளுக்குள் போய் ஃபெயில்சேஃபை ஆஃப் செய்து மறுதொடக்கம் செய்தால்தான் இதிலிருந்து வெளியே வரும். பெரியவர் ரிமோட்டில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலன் இருந்திருக்காது.

அந்த அடையாளக் கோப்பை நம் ஸ்கிரிப்டிலேயே அழித்துவிடலாம், இந்தத் தொல்லை தீரும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டேன். தவறான துவக்கக் கோப்பு ஒன்று டிவியை முழுதாக முடக்கிவிடாமல் காப்பது அந்தக் கோப்புதான். அதைப் பிடுங்கினால் ஒரு நாள் தவறுவதற்குப் பதிலாக டிவியே போகும்.

இரண்டாவது பாதை கடிகாரம். கரண்ட் போய் வந்தால் இந்த டிவி சரியான நேரத்தோடு எழுவதில்லை. பழைய தேதி ஒன்றோடு எழுந்து, இணையம் கிடைத்ததும் என்டிபி என்ற இணைய நேரச் சேவை வழியாகத் திருத்திக்கொள்ளும். ஒளிபரப்பு சிக்னலிலிருந்து நேரம் எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் செட்டாப் பாக்ஸ் ஹெச்டிஎம்ஐயில் வருகிறது. ரவுட்டரும் அதே கரண்டில் எழ வேண்டும், இணைப்பு வர இன்னும் சில நிமிடம். 6:25-க்கு டிவி பூட் ஆகி, 6:33-க்கு நேரம் திருந்தினால், கிரானின் கண்ணில் 6:30 என்ற நிமிடம் வரவே இல்லை. பழைய தேதியிலிருந்து இன்றைய தேதிக்கு ஒரே தாவல். மறுபடி அதே ஒரு மணி நேர விதி, மறுபடி விடுபடல். நேரம் திருந்துவதற்கு முன் ஸ்கிரிப்ட் ஓடினாலும் பயனில்லை. தேதி தவறாக இருந்தால் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று இணைப்பு மறுக்கப்படும்.

என்னை உறுத்தியது

காரணங்களை அடுக்கிய பிறகு கவனித்தேன். மழை பெய்தால் பெரியவர் பிந்துவார். மழை பெய்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும். மழை பெய்தால் இணைப்பு தாமதமாகும். மூன்று காரணமும் ஒரே நாளில்தான் கூடும். வெயில் அடிக்கிற கார் நெல் பருவத்தில் இந்த டிவி மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. பகல் 12 மணிக் குழப்பம் தவிர வேறு புகாரே இல்லை. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஊர் அதை நம்பியது. அணைக்கு நீர்வரத்து கூடி, நிலவரம் மணிக்கு மணி மாறும் நாள் எதுவோ, அந்த நாளில் தவறும்படியே அமைந்துவிட்டிருந்தது. மாதத்தில் 27 நாள் சரியாக ஓடுகிறது என்ற கணக்குக்கு இங்கே அர்த்தமே இல்லை. மீதி மூன்று நாள் எந்த மூன்று நாள் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது உறுத்தல் அந்தப் பக்கத்தைப் பற்றியது. தேதி அதில் இருந்தது, கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில். எண்கள் பெரிதாக, வண்ணத்தில். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு எண் தெரியும், தேதி தெரியாது. ஒன்றுமே காட்டாத திரையாக இருந்திருந்தால் அவர் யாரிடமாவது கேட்டிருப்பார்.

மாற்றியவை

முதல் மாற்றத்தில் கணினி வேலையே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிவியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினோம். பூட் நடுவில் அணைவது, கடிகாரம் தொலைவது இரண்டும் இதிலேயே பெரும்பாலும் நின்றன. நான் எழுதிய எந்த வரியும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

அடுத்து, 6:30 என்ற ஒற்றை நேரத்தை எடுத்துவிட்டோம். காலை 5 முதல் 10 வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினோம். அட்டவணையில் அது */10 5-10 * * * என்று இருக்கும். இதில் கடைசி ஓட்டம் 10:50. ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் முதலில் கேட்கும் கேள்வி: இன்றைய தேதியிட்ட விவரம் கையில் இருக்கிறதா? இருந்தால் உடனே வெளியேறிவிடும். இல்லாவிட்டால் இறக்கப் பார்க்கும். எந்த நிமிடம் விடுபட்டாலும் அடுத்த பத்து நிமிடத்தில் மறு வாய்ப்பு. பெரியவர் 6:50-க்கு வந்தாலும் 7 மணிக்குள் புது எண் வந்துவிடும். இந்த மாதிரி வேலைக்கு நேரத்தைக் குறிவைப்பதைவிட நிலையைக் கேட்பதே மேல் என்று நினைக்கிறேன். எழுதுவதும் கடினமில்லை.

ஸ்கிரிப்டுக்குள் சில சின்னத் திருத்தங்கள். இறக்கிய கோப்பை நேராகக் காட்டும் கோப்பின்மேல் எழுதாமல், பக்கத்திலேயே வேறு பெயரில் எழுதி, அதில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பெயர் மாற்றுகிறோம். ஒரே கோப்பு அமைப்புக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் முழுதாக நடக்கும். பாதி எழுதிய கோப்பைப் பக்கம் படிக்காது. ரேமில் இருக்கும் தற்காலிகக் கோப்புறையில் எழுதி இங்கே நகர்த்தினால் அந்த உறுதி கிடையாது, அங்கே நடப்பது நகலெடுப்புதான். ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்காமல் இருக்க ஒரு பூட்டு வேண்டும். அதற்கு ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்குகிறோம், ஏற்கெனவே இருந்தால் உருவாக்கம் தோற்கும், ஸ்கிரிப்ட் வெளியேறும். பூட்டை மட்டும் வேண்டுமென்றே தற்காலிகக் கோப்புறையில் வைத்தோம். கரண்ட் போய் டிவி மறுபடி பூட் ஆனால் பழைய பூட்டு தானாக மறையும்.

துவக்கக் கோப்பில் நேர மண்டலத்தோடு ஒரு காத்திருப்பும் சேர்த்தோம்: ஆண்டு நம்பும்படியாக வரும் வரை கிரானைத் தொடங்காதே என்று. ஆனால் துவக்கக் கோப்பே அங்கே நின்று காத்திருந்தால் பூட் முடியாது, ஃபெயில்சேஃப் அடையாளமும் அழியாது. ஆகவே காத்திருப்பதைப் பின்னணியில் தள்ளிவிட்டு, கோப்பு உடனே முடிந்துவிடும்.

என் கணக்கில் இன்வெர்ட்டருக்கு அடுத்துப் பெரிய மாற்றம் பக்கத்தில் செய்தது. தேதியும் கிழமையும் இப்போது மேலே, எண்களைவிடப் பெரிய எழுத்தில். பக்கமே நிமிடத்துக்கு ஒரு முறை தன் விவரத்தின் தேதியை டிவியின் தேதியோடு ஒப்பிடும். இன்றையது இல்லையென்றால் எண்கள் மறைந்துவிடும். சிவப்புப் பின்னணியில் "இன்றைய விவரம் இன்னும் வரவில்லை" என்று மட்டும் இருக்கும். டிவியின் ஆண்டே தவறாக இருந்தால் "நேரம் சரியாக இல்லை" என்று சொல்லும். இந்தச் சோதனையைக் கிரானிடம் கொடுக்கவில்லை, காரணத்தோடுதான். கிரான் செத்துப்போன நாளிலும், உறக்கத்திலிருந்து நேற்றைய பக்கம் எழும் நாளிலும் இது வேலை செய்ய வேண்டும். கிரான் செத்தது என்பதைக் கிரானே எப்படிச் சொல்லும்?

மாலை நேரத்தில் பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டாம் என்று குழு கேட்டுக்கொண்டது. இரவு செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரம். அதனால் உலாவியைத் திறக்கும் வேலை காலையோடு நின்றுவிடும். அப்போதும் முன்னால் வேறு செயலி ஓடுகிறதா என்று லூனா பஸ்ஸில் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

அப்புறம், வாசலில் ஒரு கரும்பலகை. டிவி வந்த பிறகு அதில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். இப்போது செயலாளர் விரிதாளில் பதிந்ததும் மூன்று அணையின் மட்டத்தையும் தேதியோடு சுண்ணாம்புக்கட்டியில் எழுதிவிடுகிறார். இதைக் குழுவிடம் வற்புறுத்திக் கேட்டது நான்தான்.

பிறகு, மிச்சம் இருப்பவை

கார்த்திகையில் நல்ல மழை பெய்த நாட்களில் லாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர் பிந்திய காலைகளில் நிமிட வேறுபாட்டு வரி வழக்கம்போல விழுந்தது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் புது விவரம் வந்துவிட்டது. ஒரு காலை இணைப்பு வரவே இல்லை. திரை சிவப்பாக நின்றது, ஆட்கள் கரும்பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது தோல்வி என்று நான் எழுதமாட்டேன். ஏற்பாடு செய்தபடிதான் நடந்தது.

புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால் டிவிக்குள் இவ்வளவு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வைக்கமாட்டேன். ஒரு சின்னத் தனிக் கணினி விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ள, டிவி வெறும் திரையாக இருப்பது நல்லது. ஆனால் இருக்கிற டிவியில், வேறு செலவில்லாமல், ஊர்ப் பிள்ளை ஒருவர் கட்டிக் கொடுத்ததைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. எறிய அவசியமும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, டிவியின் மென்பொருள் புதுப்பிப்பு. தயாரிப்பாளரின் அடுத்த புதுப்பிப்பு ஏறினால் ரூட் போய்விடக்கூடும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஆனால் ரிமோட்டில் யாராவது "சரி" என்று அழுத்திவிட்டால் அவ்வளவுதான். அதற்குச் செயல்முறை முழுவதையும் தமிழில் எழுதி, கோப்புகளின் நகலோடு ஒரு பென் டிரைவில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது, பாதுகாப்பு. ரூட் செய்த புதிதில் இந்த டிவிகளில் கடவுச்சொல் இல்லாத டெல்நெட் (நெட்வொர்க் வழியாக டிவிக்குள் நுழையும் பழைய முறை) திறந்திருக்கும். அதே வேலையை மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்ஹெச்சைத் திறந்தாலும், நம் சாவியை வைக்கும் வரை அல்பைன் என்ற, எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்தான். படிப்பகத்தின் வைஃபை ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். டெல்நெட்டை மூடி, எஸ்எஸ்ஹெச்சைச் சாவி முறைக்கு மாற்றிவிட்டோம். டிவிக்கும் செயலாளருக்கும் மட்டும் தனி வைஃபை பெயர் வைக்கும் வேலை, ரவுட்டர் மாற்றும்போது செய்வதாகக் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி லாக் பார்க்கவும் ஃபெயில்சேஃபிலிருந்து வெளியே கொண்டுவரவும் பழகிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கார்ப் பருவத்துக்குள் அவளே முழுதாகப் பார்த்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்கிறோம்.